இரண்டு பேர் வேலை

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை
ஆர்டிஸ் வருவாள்.
தீர்ப்பாகி ஆறு வருடம்.
வீடு எனக்கு, படகு அவளுக்கு,
நாய் அதற்கு முன்பே செத்துவிட்டது.
ரோஜாக்களைப் பற்றி
எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை.

டுலூத் குளிரை
ரோஜா நின்றபடி தாங்காது.
ஏரிக்காற்று
தண்டை நுனியிலிருந்து கறுப்பாக்கிக்கொண்டே இறங்கும்.
ஒட்டுக்கட்டிய முடிச்சைத் தொட்டுவிட்டால்
கதை முடிந்தது.
பனி போனபின் அடியிலிருந்து துளிர்ப்பது
நாம் காசு கொடுத்து வாங்கியது அல்ல,
அதுவரை அதைச் சுமந்துகொண்டிருந்த
காட்டுச்செடி.

ஆகவே புதைக்கிறோம்.
உயிரோடுதான்.

குடையை மடக்குவதுபோல்
கொப்புகளைச் சேர்த்துச் சணலால் கட்டு.
ஒரு பக்கம் செடியின் நீளத்துக்குப் பள்ளம்.
மறுபக்கம் கவைமுள்ளை இறக்கி
வேர் அறாமல் மண்ணை நெகிழ்த்து.
பிறகுதான் சாய்ப்பது.
ஒருவர் தூரைத் தாங்கித் தள்ள
இன்னொருவர் தலையை வாங்கிப் படுக்கவைக்க வேண்டும்.

முதல் வருடம் தனியாகச் செய்து பார்த்தேன்.
மஞ்சள் பூக்கும் செடி, அவள் நட்டது.
முழங்கால் கொடுத்து அழுத்தினேன்.
ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்.
மறுநாள் போனில்
ஒரு செடி முறிந்துவிட்டது என்றேன்.
"எது?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
யாரோ அதை மூடினார்கள்.
"மிச்சத்தைத் தொடாதே. வருகிறேன்."

பதினோரு செடி.
காலையில் இறங்கினால் மூன்று மணிக்கு முடியும்.
பேச்செல்லாம்
இன்னும் கொஞ்சம், உன் பக்கம், வேர் பார், அவ்வளவுதான்.
முப்பது வருடத்தில்
இந்த நாலைந்து வார்த்தையோடு நின்றிருக்கலாம்.
வேலிக்கு அப்பால் டால்பெர்க் ஓக் சருகுகளை
மூட்டையோடு தூக்கிப் போடுவார்.
"இந்தத் தடவை யாரைப் புதைக்கிறீர்கள்?"
ஆறு வருடமாக அதே நகைச்சுவை.
ஆறு வருடமாக ஆர்டிஸ் சிரிக்கிறாள்.

இருபத்தெட்டு வருடம்
கவுண்டிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டியவன் நான்.
விழாதே விழாதே என்று
வானத்தைத் திட்டியே சம்பளம் வாங்கினேன்.
இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து
இன்னும் விழு என்கிறேன்,
அவற்றின்மேல் இன்னும் ஒரு முழம்.

இந்த வருடம் அவள் வலது கை நடுங்கியது.
நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.
"காபி," என்றாள். "வெறும் வயிற்றில் குடித்தேன்."
முடிச்சு இரண்டு தரம் நழுவ,
குறுக்கே என் விரலை வைத்து அழுத்தினேன்.
விரலையும் சேர்த்துக் கட்டினாள்.
"எடு."
எடுத்தேன்.

ஏப்ரலில் இவற்றைத் தூக்கி நிறுத்தவும்
இரண்டு பேர் வேண்டும் என்று
அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
பொய்.
சணலின் நுனியை
மண்ணுக்கு வெளியே நீளமாக விட்டால் போதும்,
ஒற்றை ஆள் இழுத்தே எழுப்பலாம்.
நர்சரியில் கொடுத்த சீட்டில் போட்டிருக்கிறது.
படித்து மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.
வருடாவருடம் அவளும்
கட்டி முடித்ததும் நுனியை ஒட்ட நறுக்கிவிடுவாள்.

நாலு மணிக்கு அவள் கார் போனது.
கவைமுள்ளைக் கழுவி வைக்க வந்தேன்.
சருகு மேட்டில்
பதினோரு இடத்தில்
சணல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது,
ஒவ்வொன்றும் ஒரு கை நீளம்,
நுனியில் பிடித்து இழுக்கத் தோதாக
ஒரு கோணல் முடிச்சு.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியாது.
டால்பெர்க் வீட்டில் விளக்கு எரிந்தது.

உள்ளே போய்
கத்தரிக்கோலை எடுத்துவந்தேன்.
ஏழாவதை நறுக்கும்போது
கையில் ஏதோ சில்லென்று பட்டது.
அண்ணாந்து பார்த்தேன்.
விழத் தொடங்கியிருந்தது.