ஒரு எஃப் அதிகம்

ரோலாவில் எங்கள் டைப்பிங் சென்டர்.
ஷவர்மா கடைக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவே
நான்கு கணினி, ஒரு பிரிண்டர்,
எஃப் மட்டும் ஒட்டிக்கொள்ளும் என் கீபோர்டு.

விசா புதுப்பிக்கும் விண்ணப்பம் ஒன்று
திரும்பி வந்திருந்தது:
கொர்னேலியா, வைஃப் ஆஃப் ஜெர்வாஸ் பெர்னாந்து.
அந்த ஆஃபில் ஒரு எஃப் அதிகம்.
தமிழில் எழுதினால் தெரியவே தெரியாது இந்தப் பிழை.
இரண்டுக்கும் ஒரே ஆஃப்தான் நமக்கு,
பாதி வெந்த முட்டைக்கும் அதுவேதான்.
நடுவில் மூன்று புள்ளி.
அதற்குத் தனிநிலை என்று இலக்கணத்தில் பேர்.

ஆங்கிலத்தில் ஒற்றை எஃப் என்றால் இன்னாருடையவர்.
இரட்டை என்றால் அணை, தள்ளிப் போ, லீவு,
பால் கெட்டுவிட்டது,
விமானம் ஏறிவிட்டது.

கூப்பிட்டிருந்தேன், அவர் வரும்வரை
அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.
ஆயிரம் வருடம் முன்னால் இரண்டும் ஒரே சொல்.
பொருள்: விட்டு, அப்பால்.
அழுத்திச் சொன்ன வாயில் அது விலகலாகவே நின்றுவிட்டது.
போகிற போக்கில் முணுமுணுத்த வாயில்
தேய்ந்து தேய்ந்து உறவாயிற்று.

நம்மிடம் மட்டும் என்ன.
என்னுடைய, உன்னுடைய என்கிறோமே,
அந்த உடையவைத் தனியே பிய்த்தெடுத்து
ஒரு கண்ணாடி டம்ளர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வந்தார். வெயிலில் சிவந்த முகம், கையில் பால் பாக்கெட்.
தப்பு என்னுடையதுதான் அக்கா என்றேன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்புன்னு எப்படிச் சொல்லுதிய?
இருவத்தெட்டு நாள் ஆஃப்ஷோரு.
கடல் நடுவுல இரும்புக்கால்ல நிக்காவ.
அடுத்த இருவத்தெட்டு நாள் ஆஃபு.
அப்பவும் திரையை இழுத்துவிட்டு
லைட்ட ஆஃப் பண்ணித் தூங்குதாவ.
நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கிய."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

"ஒத்த எழுத்தை எடுத்தாப் போதுமா?"
போதும் அக்கா.
"அவ்வளவுதானா."

எடுத்தேன். மறுபடி ஒட்டியது. மறுபடி எடுத்தேன்.
திருத்தக் கட்டணம் நாற்பது திர்ஹம்,
முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

ரசீதை மடித்துக்கொண்டு வெளியே போனவர்
கதவோரம் நின்று போனில் கத்தினார்.
"கேக்குதா? நான்தான். கேக்குதா?"
ஷவர்மா கடைப் பையன் திரும்பிப் பார்த்தான்.
நாலைந்து முறை அப்படி.
பிறகு குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னார்,
ரொம்ப நேரம்.
இடையில் கண்ணாடி.
எனக்கு உதடுகள் மட்டும் தெரிந்தன.