கண்டறியும் எல்லைக்குக் கீழே

கன்னியாவில் காலை ஆறரை.
ஏழு கிணற்றுக்கும் ஏழு போத்தல்,
வாய் தளும்ப நிரப்ப வேண்டும்.
ஒரு குமிழி நின்றாலும்
ஊற்றிவிட்டுத் திரும்ப அள்ள வேண்டும்.

வான் ஓட்டிவந்த சலாகுதீன் வாளியைத் தூக்கினார்.
வேண்டாம் நானா, தள்ளி நில்லுங்கள்.
உங்கள் மணிக்கூட்டு முள்
இரவில் பச்சையாய் ஒளிர்கிறதே,
அதுதான் நான் தேடி வந்த சாமான்.
இந்தக் கிணறுகளில் இருப்பதைவிட
உங்கள் கையில் கூட.

சிரித்தார். போய் வானுக்குள் இருந்துகொண்டு
கண்ணாடியைப் பாதி இறக்கிக் கேட்டார்:
அப்படி என்ன அருமை அதற்கு?

நிலைக்காது, அதுதான்.
விமானம் பறப்பதற்கும் மேலே
எங்கிருந்தோ வரும் கதிர் காற்றை இடிக்க
ஒன்றிரண்டாய்ப் பிறக்கும்.
ஒரு புரோத்தன், இரண்டு நியூத்திரன்.
மழையோடு இறங்கி மண்ணுக்குள் போகும்.
பன்னிரண்டு வருடத்தில் பாதி,
இன்னொரு பன்னிரண்டில் பாதியின் பாதி,
சத்தமில்லாமல் ஈலியமாகிவிடும்.
குண்டு வெடித்துப் பார்த்த காலத்தில்
வானம் அதை அள்ளிக் கொட்டியதாம்.
அந்த மழையும் தேய்ந்து போயிற்று.

மற்றது?

மற்றது, துயூத்தேரியம், தேயாது.
ஆனாலும் அரிது:
துறைமுகத்தில் ஒரு வாளி அள்ளினால்
அரைத் தேக்கரண்டி தேறாது.
எல்லாம் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் உண்டானது.
முழுக்க வேறாய் உருகுவதற்குள்
உலை ஆறிவிட்டது.
தப்பியது இவ்வளவுதான்.
விண்மீன்கள் அதைச் செய்து சேர்ப்பதில்லை,
அகப்பட்டதை முதல் கவளமாய் விழுங்கும்.
உள்ளே போனது வெளியே வருவதில்லை.

சலாகுதீன் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.
மூதூர்க்காரர்.
நான் வேறு சொல் தேடியிருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து
உவர்மலை அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது.
ஆறு போத்தலுக்கு ஒரே வரி:
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
அந்த நீர் மழையைப் பார்த்து
ஒரு ஆயுள் ஆகியிருக்கும்.
எழுபது வருடமா, ஏழாயிரமா,
இந்த முறைக்குத் தெரியாது.
யார் முதலில் இங்கே குளித்தார்கள் என்று
பலகை நட்டுச் சண்டை பிடிப்பவர்களுக்கும்
இதில் பதில் இல்லை.

ஏழாவதில் மட்டும் ஒரு சின்ன எண்.
போன மாரி எங்கோ கசிந்திருக்கலாம்.
அல்லது
நான் வேண்டாம் என்று சொல்வதற்குள்
அந்த வாளியில் கைவைத்தவர்
சலாகுதீன்.

மீள அள்ள வேண்டும் என்று எழுதி
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.