ஆறு நிமிடம்

தீப்பெட்டியளவுதான்.
குளிரறைக் கூரையடியில்
ஒற்றைத் திருகாணியில் அதைத் தொங்கவிட்டு
"இனி இது கதைக்கும் அக்கா" என்றாள் சஃப்ரினா,
கிண்ணியாப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வந்தவள்.
விரல்நுனி சிவந்திருந்தது.

என்ன கதைக்கும்?
ஐந்து நிமிடத்துக்கொரு எண்.
மறை பதினெட்டு.
மறை பதினேழு தசம் ஐந்து.
எதையும் மறைக்கத் தெரியாத மறை எண்கள்.

அந்த எண் சுவர் துளைத்துக் கோபுரம் ஏறி
கடலடிக் கம்பி பிடித்துச் சிங்கப்பூர் போய்
அங்கே ஒரு கணினியில் பெயர் பதிந்து
திரும்பி வருமாம்,
பத்தடி தள்ளி மேசையில் கிடக்கிற என் போனுக்கு.
பக்கத்து வீட்டில் சீனி வாங்கக்
கப்பலேறுவதுபோல.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"கறண்ட் போனாலும் சொல்லும்
கதவு திறந்தாலும் சொல்லும்."

போன வருசம் ஓர் இரவு மின்வெட்டில்
நானூறு கிலோ அறக்குளா
விடியும்போது மணத்தது.
கொட்பேயில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
அதனால்தான் காசு கொடுத்தேன்.

முதல் கிழமை, வாசல் கமராதான் படுத்தியது.
ஆள் நடமாட்டம். ஆள் நடமாட்டம்.
எழும்பிப் பார்த்தால் மான்.
நாலு புள்ளிமானும் ஒரு கொம்பனும்
ஈர அட்டைப்பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றன.
இந்த ஊரில் மானும் ஆள்தான், சரி,
ஆனால் அதற்காக என்னை எழுப்பாதே என்று
அதற்கு யார் படிப்பிப்பது?

பிறகு கச்சான் தொடங்கியது.
இரவு இரண்டு பத்து: கதவு திறந்தது.
இரண்டு பதினாலு: மூடியது.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
வரைபடத்தில் தினம் ஒரே இடத்தில்
ஒரு சின்னப் பல் முளைத்தது.

பெட்டிகளை எண்ணினேன். குறையவில்லை.
ஒன்பதாம் இரவு
செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு போனேன்.

மரியநேசன்.
பதினொரு வருசக் காவல்.
சேட்டைக் கழற்றித் தோளில் போட்டு
கதவைப் பாதி திறந்து
குளிருக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.
கண் மூடியிருந்தது.
வெள்ளைப் புகை அவர் கழுத்தைச் சுற்றி இறங்கி
முழங்காலடியில் காணாமல் போனது.

அவருடைய தகரக் கொட்டிலில் எத்தனை பாகை?
தெரியாது.
அங்கே தீப்பெட்டி எதுவும் தொங்கவில்லை.

காலையில் சஃப்ரினாவுக்கு எடுத்தேன்.
"கதவு திறந்ததும் சொல்லாமல்
கொஞ்சம் பொறுத்துச் சொல்ல வைக்கலாமோ?"
"வைக்கலாம். எத்தனை நிமிடம்?"
"ஆறு."
தட்டச்சுச் சத்தம் கேட்டது.
"ஏனக்கா ஆறு?"
"மீன் தாங்கும்" என்றேன்.

கொட்டிலுக்கு ஒரு மின்விசிறியும் போட்டாயிற்று.
அப்படியும் வரைபடத்தில்
இரண்டு பத்துக்கு
அந்தப் பல் முளைக்கிறது,
முந்தியதைவிடக் கொஞ்சம் சின்னதாக.
சிங்கப்பூருக்கும் அது தெரியும்.
கேட்டால்தான் சொல்லும்.