முப்பத்தொன்றாம் பக்கத்தில் பிரேக் இல்லை

சியூரி தொலைபேசியில் கேட்டாள்:
"முப்பத்தொன்றாம் பக்கத்தில் பிரேக் எங்கே?"
ரோப்கார் ஓட்டுகிறவள் கேட்கக் கூடாத கேள்வி.
அதுவும் காலை ஏழு மணிக்கு,
சியாத்துரா மொத்தமும் மூட்டத்தில் முழுகி
கம்பி எங்கே போகிறதென்று
கம்பிக்கே தெரியாதபோது.

திறந்து பார்த்தேன்.
முப்பது பக்கம் ஒழுங்கு: கப்பி, கம்பி, கதவு, மணி.
அப்புறம் ஒரே ஒரு நீல வரி.
கோப்பின் பெயர், கீழே ஒரு கோடு,
அவ்வளவுதான்.
விருந்துக்கு அழைத்துவிட்டு
சமையலறைக்கு வழி எழுதிக் கொடுத்ததுபோல.

கையேட்டைத் துண்டு துண்டாகத்தான் எழுதுகிறோம்.
தாய்க்கோப்புக்குள் பாதுகாப்பு,
பாதுகாப்புக்குள் பிரேக்.
இரண்டு முக்காற்புள்ளி, ஒரு பாதை,
வெறும் சதுர அடைப்பு:
அங்கே போ, அதை எடு, இங்கே வை என்று அர்த்தம்.
முன்னோட்டச் சன்னல் போகவில்லை.

இல்லாத கோப்பென்றால் அது கத்தும்.
இது கத்தவில்லை, நீலமாய்ச் சிரித்தது.
அரை மணி பிடித்தது எனக்கு விளங்க:
கோப்பு காணாமல் போகவில்லை,
சன்னலுக்கு அனுமதி இல்லை.
முன்பின் தெரியாத எதையும்
உள்ளே இழுத்து வந்துவிடாதபடி
யாரோ நல்ல மனசோடு போட்ட பூட்டு.
அமைப்புகளில் ஒரு சொல்லை மாற்றினேன்.
இப்போது கத்தியது.

கத்தல் முன்னேற்றம்தான்.

பாதையை விரல் வைத்துப் படித்தேன்.
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு: ஒரு படி மேலே.
யாரிடமிருந்து மேலே?
நான் தாய்க்கோப்பிலிருந்து எண்ணியிருந்தேன்.
அது, அழைத்த கோப்பு இருக்கும் இடத்திலிருந்து எண்ணியது.
ஒரு படி சறுக்கி
எங்கள் பிரேக்கை
சம்பளப் பட்டியலுக்குள் தேடிக்கொண்டிருந்தது.

திருத்தினேன். மறுபடி கத்தல்.

ஓத்தியாவை எழுப்பினேன்.
கத்தோவித்சேயில் இரவுப்பணி முடித்துப் படுத்தவன்.
"என் கணினியில் ஓடியதே" என்றான்.
எல்லோருக்கும் ஓடித்தான் இருக்கிறது,
அவரவர் கணினியில்.
கொட்டாவிக்கு நடுவே கேட்டான்:
"பெரிய எம்மா, சின்ன எம்மா?"

முஹ்ருச்சி. எங்கள் மொழியில் பிரேக்.
லத்தீனில் அவன் வைத்த பெயருக்குத்
தலையில் ஒரு தொப்பி.
நான் அழைத்தது தொப்பி இல்லாமல்.
எங்கள் முப்பத்துமூன்று எழுத்தில்
ஒன்றுக்கும் தொப்பி கிடையாது;
அரசியின் பெயரும் அடுப்பின் பெயரும்
ஒரே மாதிரிதான் தொடங்கும்.
பெரிசு சின்னது பார்த்துப் பழக்கமில்லை எனக்கு.
ஓத்தியாவின் பழைய கணினியும் பார்க்காது.
இந்தப் புதுசு பார்க்கிறது.

தொப்பி வைத்தேன்.
பிரேக் வந்தது.
வந்த வேகத்தில் அதன் தலைப்பு
நூலின் தலைப்பைவிடப் பெரிதாக நின்றது,
கடைசியாக வந்தவன்
விருந்துத் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல.
ஒரு மட்டம் இறக்கி உட்கார வைத்தேன்.

அச்செடுத்துக்கொண்டு மேல் நிலையத்துக்குப் போனேன்.
சியூரி லோபியானியை மென்றபடி
நின்றுகொண்டே படித்தாள்.
எண்ணெய்க் கட்டைவிரல்
நான்காவது வரியில் நின்றது.

"இது தப்பு.
கைப்பிடியை இழு, பிறகு விளக்கைப் பார் என்கிறது.
விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கணும்.
எத்தனை நாளாய் இப்படி இருக்கு?"

மூன்று வருடம் என்றேன்.
ஓத்தியாவின் கணினியில் மட்டும்.

பென்சில் கேட்டாள்.
மூன்றுக்கும் நான்குக்கும் குறுக்கே
வளைந்த அம்பு ஒன்று போட்டாள்.
கீழே க்விரிலா ஆறு இன்னும் தெரியவில்லை.
மணி அடித்தது.
காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு
முதலில் விளக்கைப் பார்த்தாள்.