மொழி: பிற

மார்ச் முடிந்து ஆடிட்டர் ஆபீஸில்
மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுகிற வாரம்.
டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய நான்கு டி.பி. ஹார்டு டிஸ்க்கை
நான் ஒழுங்குபண்ண உட்கார்ந்தேன்.
குபேந்திரன் சேர்ப்பார். சேர்ப்பது மட்டும்தான் அவர்.
எண்ணூற்றுப் பதிமூன்று படம்,
ஒவ்வொன்றின் பெயரிலும் புள்ளி, கீழ்க்கோடு,
திருடிய தளத்தின் முத்திரை, 1080, ஏதோ ஓர் எக்ஸ்.
புது எவர்சில்வர் தட்டில் ஒட்டிய விலைச்சீட்டை
நகத்தால் சுரண்டுகிற மாதிரி உரித்தேன்.
பெயர். அடைப்புக்குறிக்குள் வருடம். போதும்.

வருடம் முக்கியம்.
ஒரே பெயரில் மூன்று படம் இருக்கிறது.
ஒன்றில் அண்ணன் சாகிறான், ஒன்றில் தம்பி,
மூன்றாவதில் யாரும் சாகாததால் ஓடவில்லை.

மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.
போஸ்டர் கொண்டுவரும், கதைச்சுருக்கம் கொண்டுவரும்,
சந்தேகமே படாது.
'கல்யாணம் பாகம் 2' என்ற கோப்புக்கு
பனி மூடிய மலையும் துப்பாக்கியும் போட்டது.
இயக்குநர் பல்கேரியாக்காரர். பத்துக்கு ஏழு புள்ளி ஒன்று.
"நல்ல மார்க்தானே, விடு" என்றார் குபேந்திரன்,
பருத்திப்பால் டம்ளரோடு.

அது எங்கள் கல்யாணம்.
கிருஷ்ணாபுரம் காலனி மண்டபம், 2013, ஆவணி.

திருத்தினேன்.
இயக்குநர்: பேட்டரி தீர்ந்துபோய்
மாலையை மறுபடி மாற்றச் சொன்ன வீடியோக்காரர். பெயர் ஞாபகமில்லை.
நடிப்பு: யாரை முதலில் போடுவது?
பாகப்பிரிவினைக்குப் பிறகு பேசாத பெரிய மாமா
சாம்பார் வாளிக்குப் பின்னால் நான்கு நிமிடம் வருகிறார்.
போட்டேன். எங்கப்பாவுக்கு மேலே.
எங்கப்பா உசிலம்பட்டியிலிருந்து வந்து
மண்டப வாசலோடு நின்றவர். ஒன்பது வினாடி.
ரகம்: காலி.
மொழி?
பட்டியலை இழுத்தேன்.
சமோவன், சமஸ்கிருதம், செர்பியன், சிந்தி, சோமாலி.
சௌராஷ்டிரம் இல்லை.
இந்த வீட்டில் சோறு கேட்பதும் சண்டை போடுவதும் அதில்தான்.
அடியில் 'பிற' என்று ஒன்று இருந்தது.
தொட்டேன்.

அன்றைக்கு எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது.
மணமேடையில் சிரித்துக்கொண்டே இருந்தேன்,
எல்லோருக்கும் பொதுவாக.
பதினோரு வருடம் கழித்து,
சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்
ஹெட்போனை மாட்டினேன்.

நாற்பத்தொன்றாம் நிமிடம். எனக்குப் பின்னால் காஞ்சனா சித்தி:
பேச்சே தெரியாத பொண்ணு, வீட்டில் ஊமையாட்டம் இருக்கும்.
பக்கத்தில் சாந்தாபாய்:
இருந்தா நமக்கு நல்லதுதானே.
திரையில் நான் அப்போதும் சிரிக்கிறேன்.
இங்கேயும் சிரித்துவிட்டேன், சத்தமாக.
கொஞ்சம் வாயை மூடு தாயே என்று
இந்த வீட்டில் இன்று கெஞ்சுவது என்னிடம்தான்.

சப்டைட்டில் எழுத வெறும் நோட்பேட் போதும்.
வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பேச்சு.
பேரேடு எழுதுகிற கைக்குப் புதிதில்லை.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது என் மாமியார்.
'அவளை' என்று ஆரம்பிக்கிறார், குரலில் கல் இருக்கிறது,
கெட்டிமேளம் விழுந்துவிடுகிறது.
ஏழு முறை பின்னால் இழுத்தேன்.
ஒலியைக் கூட்டினால் தவில்தான் கூடுகிறது.
நான்கு வினாடி உதடு அசைகிறது.
அதற்கப்புறம் அந்த இருவரும்
வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

அந்த நான்கு வினாடிக்கு எண் போட்டேன், நேரம் போட்டேன்,
பேச்சைக் காலியாக விட்டேன்.
கோப்புக்கு வீடியோவின் பெயரையே வைத்தேன்,
அப்போதுதான் தானாக ஏறும்.

பக்கத்து அறையில் சீரியல் ஓடுகிறது.
விளம்பரம் வரட்டும் என்று
லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நிற்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை காஞ்சனா சித்தி சாப்பிட வருகிறார்.
அதற்குள் மூன்றாவது வரி வேண்டும்.