நடுவில் இருக்கிறவள்

மார்ச் மாதத்து இரண்டாம் சனி.
தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் குசினி.
நாளைக்கு ஊர் முழுக்கச் சூப் குடிக்கும்.
சேர்கிற காசு ஏதோ ஒரு நாட்டில் கிணறாகும்.
நாற்பது கிலோ கரட்,
பதினாறு செலரிக் கிழங்கு,
மகளிர் சங்கத்தில் பத்துப் பேர், கத்தி ஒன்பது.

பாஸ்டர் அம்மா சின்னதாய் ஒரு ஜெபம் சொன்னா.
நானும் கண்ணை மூடினேன்.
யாரை நினைத்து மூடினேன் என்று
ஒருவரும் கண் திறந்து பார்க்கவில்லை.

என் பேர் யோகமலர்.
சங்கத்துக் கொப்பியில் அது 'ஃப்ராவ் யோகா' ஆகி
ஆறு வருஷம்.
முதல் வருஷம் இரண்டு பேர்
பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
வகுப்பு எத்தனை மணிக்கென்று கேட்டார்கள்.

இடப்பக்கம் எர்னா. வலப்பக்கம் லீஸ்பெத்.
இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற வால்நட் மரம்
தறிபட்டுப் பதினொரு வருஷம்.
தறித்தது யார் என்று எர்னாவுக்குத் தெரியும்.
ஏன் தறித்தது என்று லீஸ்பெத்துக்குத் தெரியும்.
அன்று விட்ட பேச்சு.
கதியால் வழக்குகள் பார்த்து வளர்ந்தவள் நான்,
சண்டை உடனே விளங்கியது.
பாஷைதான் விளங்கவில்லை.

அந்தக் குசினியில் ஆக மோசமான ஜெர்மன் என்னுடையது.
அதனால்தான் என்னை நடுவில் இருத்துகிறார்கள் என்பது
மூன்றாம் வருஷம்தான் உறைத்தது.

'ஃப்ராவ் யோகா, அவளிடம் சொல்,
துண்டு பெரிசாய் விழுகுது.'
திரும்பிச் சொன்னேன்: துண்டு பெரிசாம்.
'அவளிடம் சொல், என் மாமியார் காலத்திலும் இதே அளவுதான்.'
திரும்பிச் சொன்னேன்: மாமியார் அளவாம்.

இடையில் ஒரு முழம்கூட இல்லை.
இரண்டு பேருக்கும் காது நல்ல கூர்மை.
ஆனாலும் நான் சொல்லி முடிக்கும் வரை
கத்தியை நிறுத்திக் காத்திருப்பார்கள்.

சில நேரம் தோல் சீவுகிற வேகத்தில்
ஊர்ப்பேச்சில் ஒரு சொல் தெறிக்கும்.
எனக்கு அது தெரியாது.
தெரியாததை எப்படிக் கொடுப்பது?
அதை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுப்பேன்.
கேட்டவள் கேளாதவளாய்,
என் வாயால் வந்ததற்கு மட்டும் பதில் தருவாள்.

இந்த வருஷம் லீஸ்பெத்தின் கத்தி
அடிக்கடி நின்றது.
அவளுடைய மனுசன் நான் வேலை செய்கிற
முதியோர் இல்லத்தில், இரண்டாம் மாடி.
அங்கே காண்பதை வெளியில் கதைப்பதில்லை என்று
கையெழுத்து வைத்தவள் நான்.
குனிந்து கரட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'அவளிடம் கேள்,' எர்னா மெல்ல,
'அவனுக்கு எப்படி இருக்கு?'

நான் திரும்பும் முன்னமே லீஸ்பெத் சொன்னாள்,
என்னிடமல்ல, அவளிடமுமல்ல,
வாளிக்குள் கிடந்த தோலிடம்:
'மரம் நிற்குதாம்.
காலையும் பின்னேரமும் கேட்கிறார்,
வால்நட் பொறுக்கியாச்சா என்று.'

அடுப்பில் பெரிய அண்டா கொதிக்கத் தொடங்கியது.
யாரோ உப்பு எங்கே என்றார்கள்.
யாரோ போஸ்ட் பஸ் இனிமேல்
ஞாயிறில் ஓடாதாம் என்றார்கள்.

எர்னா ஒரு கரட்டை முழுசாய் வெட்டி முடித்தாள்.
சின்னச் சின்னத் துண்டு.
'ஃப்ராவ் யோகா, அவளிடம் சொல்,
பொறுக்கியாச்சு என்று அவனுக்குச் சொல்லச் சொல்லி.
இரண்டு சாக்கு. ஒன்று எங்களுக்கு.'

அதை நான் ஒரு சொல்லும் விடாமல் கொடுத்தேன்.
லீஸ்பெத் தலையாட்டினாள்.
பிறகு பழையபடி:
'அவளிடம் சொல், வெங்காயம் காணாது.'

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது
மகன் ஆரூரனிடம் கேட்டேன்,
ஆறு வருஷமாய் நான் கீழே போட்டுவரும் அந்தச் சொல்லை.
இங்கே பிறந்த பிள்ளை.
முதலில் சிரித்தான், பிறகு முகம் சிவந்தான்,
'அம்மா, இதை எங்கே கேட்டீங்கள்?'
தமிழில் மெல்லச் சொன்னான்.

இனி அது எனக்குத் தெரியும்.
அடுத்த மார்ச்சில்
தெரியாதவள் மாதிரி
நடுவில் இருக்கவேணும்.