பதினெட்டாம் நம்பர்

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கும் நாள்.
முதல் இருபது பேருக்குத்தான் சீட்டு.
கியாஷாவுக்குப் பதினேழு.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டார்கள்.
அழிந்துபோனால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று
எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
சாட்ஸ்வொர்த் முழுக்க மழை.

பதினெட்டு, சியாண்டா. வெல்பெடாக்டிலிருந்து.
கூட வந்தது அக்கா, அவளுக்கே பன்னிரண்டு இருக்கும்.
கையெழுத்துக்குப் பெரியவர்கள் வேண்டும் என்றாள் நர்ஸ்.
அம்மா நைட் ஷிப்ட் முடிந்து
இரண்டு டாக்ஸி மாறி வருகிறாள் என்றாள் அக்கா,
மூன்று தடவை, ஒரே குரலில்.

கியாஷா வாயைத் திறந்து அவனுக்குக் காட்டினாள்.
அவனும் திறந்தான்.
அவன் ஓட்டைதான் பெரியது என்று முடிவாயிற்று.
வீங்கிய கன்னத்தோடு
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வலிக்குமா என்று கேட்டாள்.
எறும்பு கடிக்கிற மாதிரி என்றேன்.
எந்த எறும்பு?

டாக்டர் சிபியா எறும்பைப் பற்றிப் பேசவில்லை.
ஊசி போடுவேன், குத்தும்.
அப்புறம் இழுப்பேன், சத்தம் கேட்கும்.
வலித்தால் இடது கையைத் தூக்கு,
நிறுத்திவிடுவேன்.

மரத்துப்போகக் காத்திருக்கையில் கரண்ட் போனது.
அப்பா, உங்கள் போனைப் பிடியுங்கள் என்றார்.
பதினோரு சதவீதம் இருந்தது.

அந்த வட்ட வெளிச்சத்தில்தான்
என் மகளின் வாயை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன்.
ராத்திரி ஓட்டத்துக்குப் போகுமுன்
அழாமல் தூங்கட்டும் என்று நான் கொடுத்த பாட்டில்கள்,
சிவப்பு கூல்டிரிங்க், மிலோ,
எல்லாம் கடைவாயில்
கறுப்பாகக் கணக்கு எழுதி வைத்திருந்தன.

கை தூக்கினாள்.
டாக்டர் நிறுத்தினார்.
மறுபடி தூக்கினாள், மறுபடி நிறுத்தினார்.
மூன்றாவது முறை அவள் கண் சிரித்தது.
வலியில்லை,
பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறாள்.
நான் கை தூக்கி எந்தப் பெரியவர் நின்றார்
என்று யோசித்தேன். வெளிச்சம் ஆடியது.
அப்பா, ஆடாதீர்கள்.

பிறகு ஒரு சத்தம்,
ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி.

அவ்வளவு நாள் வீட்டையே தூங்கவிடாத பல்
பஞ்சில் ஒரு சோளமணி அளவுதான் இருந்தது.
எனக்குக் கொடுங்கள் என்று கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

சியாண்டாவின் அம்மா நனைந்து ஓடிவந்து கையெழுத்துப் போட்டாள்.
கதவு இடுக்கில் நாங்கள் பார்த்தோம்.
அவன் கையைத் தூக்கவே இல்லை.
அவன் பல் தட்டில் விழுந்து,
தட்டிலிருந்து வாளிக்குப் போயிற்று.
கேட்டால் தருவார்கள் என்று
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டியில், என் உதடு எங்கே என்றாள்.
இருக்கிறது, கடிக்காதே.
ஹிகின்சன் ஹைவே முழுக்க
பின்னால் வரும் லாரியைக் காட்ட வேண்டிய கண்ணாடியை
அவள் வாய்க்குத் திருப்பி வைத்து ஓட்டினேன்.

இந்த ஊரில் பல்லை எடுக்க எலி வரும்.
செருப்பில் வைத்தால் காசு வைத்துவிட்டுப் போகும்.
ஓட்டைப் பல்லுக்குப் பாதி விலையா என்று கேட்டாள்.
எலியிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கட்டிலடியில் இரண்டு செருப்பும் இருந்தன.
இடதில் பஞ்சும் பல்லும்.
வலதில் பல் இல்லை,
மடித்த ஒரு காகிதம்,
அதில் சாய்வாக 18.

எலி கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தது.
பிறகு சட்டைப்பையைத் துழாவி
ஐந்து ராண்ட், இன்னொரு ஐந்து ராண்ட்.

காலையில் இரண்டாவதை என்னிடம் கொடுத்தாள்,
நீதானே அந்தப் பக்கம் போகிறாய்.

அடுத்த செவ்வாய் அடுத்த பல்லுக்குப் போனோம்.
வரிசையில் அவன் இல்லை.
காசு இப்போதும் வண்டியின் சாம்பல் கிண்ணத்தில் கிடக்கிறது.
வெல்பெடாக்ட் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது
குலுங்கும்.
சில்லறை இல்லையென்று பயணிகளிடம் சண்டை போடுகிறேன்,
அதைத் தொடுவதில்லை.